ட்ராவ்கோவுக்கு இளஞ்சிவப்புக் கன்னம்

நெருப்பைக் கண்டுபிடித்த மனிதன் அதன் பிறகு வெகுகாலம் உருப்படியாக எதுவும் செய்யவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே சிலோவே தீவில், சோன்சி என்னும் ஊரில், 'மென்வண்ண மாதர் கழகம்' தோன்றியது. சுவரில் நீர்வண்ணத்தில் ஒரு மாயப் பிராணியை வரைந்து மாட்டிவிட்டால் அறைக்குள் துயரம் நுழையாது என்பது கழகத்தின் ஆராய்ச்சி முடிவு. ஆராய்ந்தவரும், தலைவியும், ஒரே ஓவியரும் எதெல்மிரா அம்மையார்தான். நகராட்சி உறுப்பினரின் மனைவி.

படகு கட்டும் நோல்பெர்த்தோவின் மகள் யாஸ்னா, மணமாகாதவள், ஏழு மாதக் கர்ப்பம் என்று கேட்டதும் எதெல்மிராவின் தாயுள்ளம் துடித்தது. துடிப்பதற்குக் காரணமும் இருந்தது. அவருடைய மகன் பாபியான், அந்த வீட்டு வேலியைப் பலமுறை தாண்டிய வாலிபன், சேதி கசிந்த வாரமே 'உயர்கல்வி' பெறப் படகேறி அக்கரைக்குப் போய்விட்டான். என்ன கல்வி என்பது இன்னும் முடிவாகவில்லை.

நல்லவேளையாக அந்தத் தீவில் ட்ராவ்கோ இருக்கிறான். தீவின் பழங்கதைகளில் உலாவும் காட்டுக் குள்ளன். அவன் ஒரு பார்வை பார்த்தால் பெண்கள் மயங்கிவிடுவார்கள். தகப்பன் பெயர் வெளிவராத குழந்தைகளுக்கெல்லாம் அவன்தான் தகப்பன். மறுப்பதில்லை, வக்கீல் வைப்பதில்லை. இத்தனை பொறுப்பான குடிமகனை வேறெங்கும் காண்பதரிது.

கழகம் அவசரமாகக் கூடியது. 'நடந்தது ட்ராவ்கோவின் செயலே' என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. பிறக்கப்போகும் குழந்தையின் அறையை இலவசமாக அலங்கரிப்பதென்று இன்னொரு தீர்மானம். பிறகு உருளைக்கிழங்கு அடை தின்று கலைந்தது.

ஞாயிற்றுக்கிழமை எதெல்மிராவே படங்களும் தூரிகையும் ஆணியும் சுத்தியலுமாக வந்து இறங்கினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குவளையைக் கைமாற்றிக் குடித்தபடி வேடிக்கை பார்த்தார்கள்.

"பதிவு ஆபீஸ்ல தகப்பன் பேரு கேப்பாங்களேம்மா," என்று நோல்பெர்த்தோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "தம்பி ஒரு எட்டு வந்து கையெழுத்துப் போட்டுட்டா, எம் பொண்ணு தலை நிமிர்ந்து நடப்பா."

"படிக்கிற புள்ள மனசைக் கலைக்கலாமா, நோல்பெர்த்தோ? இங்க பாருங்க, சுவர்ல என்ன ஒரு சாந்தம்!"

சாந்தம் நிறையவே இருந்தது. ஒற்றைக்கொம்புக் கன்றுக்குட்டி ஒன்று ரோஜா முகர்ந்தது. கடல்கன்னி ஒருத்தி நண்டுக்கு முத்தம் கொடுத்தாள். தொட்டிலுக்கு நேர் எதிரே ட்ராவ்கோ, இளஞ்சிவப்புக் கன்னமும் கன்னத்தில் குழியுமாக நின்றான்.

"அடேயப்பா! ஒரே வெட்டுல மரத்தைச் சாய்க்கிற கோடாலிய பூங்கொத்து மாதிரில்ல புடிச்சிருக்கான்!" என்றாள் பக்கத்து வீட்டு லுத்மிலா. "இவனைப் பாத்தா மயக்கம் எங்கடி வருது? விக்கல்தான் வருது."

"குழந்தை கண்ணு முழிச்சதும் அப்பா முகத்துலதான் முழிக்கணும்," என்றார் எதெல்மிரா, சொத்தில் பாதியை எழுதிவைப்பவர் போல. "அதான் இங்க மாட்டினேன்."

யாஸ்னா இடுப்பில் கை ஊன்றி எழுந்து படத்தருகே போனாள்.

"காலுல இது என்னம்மா?"

"பூட்ஸ், கண்ணு. சிவப்பு பூட்ஸ். அழகா இல்ல?"

"ட்ராவ்கோவுக்குப் பாதமே கிடையாதே. வெறும் மொட்டைக் கட்டைதானே?"

தீவில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது. பெண்கள் சட்டென்று குவளைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். எதெல்மிரா அசரவில்லை.

"கட்டைக் காலோட வரைஞ்சா குழந்தை பயந்துக்காதா? சரி, உனக்குப் பிடிக்கலைன்னா விடு. பூட்ஸை இப்பவே அழிச்சுடறேன்." ஈரத் தூரிகையோடு அவர் ஒரு எட்டு முன்னே வந்தார்.

யாஸ்னா அவர் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்மா, இருக்கட்டும். ட்ராவ்கோவால படகேறி ஓட முடியாது. எம் புள்ளையோட அப்பனுக்குக் காலு ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க சரியாத்தான் வரைஞ்சிருக்கீங்க."