காட்டுவாத்து அவசரநிலை

லிட்டில் பைன் ஏரி,
மினசோட்டா.
திங்கட்கிழமை

அன்புத் தங்கை மார்லிஸுக்கு,

அண்ணன் ஹார்லன் எழுதுவது. நானும் உன் அண்ணி யூனிஸும் சௌக்கியம். ஏரியில் பனி உருகி மூன்று வாரம் ஆகிறது, படகுத்துறைப் பலகைகளைத் தண்ணீரில் இறக்கியாயிற்று, என் முழங்காலும் பரவாயில்லை. நாடு மட்டும்தான் சௌக்கியமில்லை. போனில் சொன்னால் நீ பாதியிலேயே அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கிறாரே ஒருவர், அவர் பெயரை எழுத என் பேனா மறுக்கிறது, அவர் பண்ணுகிற அட்டகாசம் உனக்குத் தெரியாததில்லை. சட்டம் போடக் காங்கிரஸ் என்று ஒரு சபை இருப்பதே அந்த மனிதருக்கு ஞாபகமில்லை. எதற்கெடுத்தாலும் அவசரநிலை, எதற்கெடுத்தாலும் ஆணை. நான் அரசியல் சட்டப் புத்தகத்தை, அந்தச் சின்னப் புத்தகம்தான், சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன், சர்ச்சுக்குக்கூட எடுத்துப் போகிறேன். உன் அண்ணி என்ன சொல்கிறாள் தெரியுமா? "ஏங்க, உங்க கட்சிக்காரர் அந்த நாற்காலியில இருந்த நாலு வருஷமும் இந்தப் புக்கு டைனிங் டேபிள் ஆடாம இருக்கக் காலுக்கு அடியில கிடந்துச்சே, இப்ப டேபிள் ஆடுதே"ன்னு கேட்கிறாள். நம்ம ஆள் போட்ட ஆணை நாட்டுக்காகப் போட்டது. ஜனாதிபதின்னா கையைக் கட்டிப் போட முடியுமா? அது வேற, இது வேற. அப்போ இதே புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு பக்கத்து கேபின் வீட்டு டெல்மர் ஷூனோவர் ஊரெல்லாம் ஒப்பாரி வைத்தான். இப்போ அவன் கட்சி ஆள் வந்ததும் வாயே திறக்கிறதில்லை, மீன் பிடிக்கிறான்.

இப்ப நம்ம ஏரிச் சங்க விஷயத்துக்கு வர்றேன். எட்டு வருஷமா நான்தான் தலைவர். ஒரு தடவைக்கு நாலு வருஷம், ஒருத்தர் ரெண்டு தடவைக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. அதை எழுதினவனே நான்தான், அப்ப டெல்மர் தலைவரா இருந்தான், அவசியமா இருந்துச்சு. இப்ப அவசியம் இல்ல. வர்ற சனிக்கிழமை ஆண்டுக் கூட்டத்துல அந்த 'ரெண்டு'ங்கிற ஒரே ஒரு வார்த்தையை அடிச்சிரலாம்னு இருக்கேன். ஏன்னு கேளு. காட்டுவாத்து! போன வருஷம் கூட்டம் கூட்டமா வந்து இறங்கி, படகுத்துறைல கால் வைக்க இடமில்லாம அசிங்கம் பண்ணி வச்சுது. எல்லாரையும் கூப்பிட்டு, காபி ஊத்தி, கை தூக்கச் சொல்லி எண்ணிக்கிட்டு இருந்தா வாத்து காத்துக்கிட்டிருக்குமா? அவசரநிலைன்னு அறிவிச்சேன். தூண்டில் கடைக் கதவுல மஞ்சத்தாள்ல ஆணை எழுதி ஒட்டினேன். முதல் ஆணை வாத்துக்கு. ரெண்டாவது, டெல்மர் தன் படகுல பாட்டுப் போடறதுக்குத் தடை. பதினேழாவது எதுக்குன்னு இப்ப ஞாபகம் வரல. வாத்தெல்லாம் அக்டோபர்லயே தெற்குப் பக்கம் பறந்துபோச்சு, வாஸ்தவம்தான். ஆனா திரும்பி வந்தா? அதனால அவசரநிலையை எடுக்கல. நம்ம செயலாளர் பெவ் இருக்காளே, அவ பதிவேட்டுல வாத்து மொத்தம் பதினொண்ணுன்னு எழுதி வச்சிருக்கா. இருநூறு இருக்கும்னு நான் சொல்றேன், தலைவர் சொல்றேன், அவ "நான் எண்ணினேன் ஹார்லன்"ங்கிறா! வேலையை விட்டுத் தூக்கிட்டேன். இப்ப நானே எண்ணுறேன். நேத்து டிவி முன்னாடி உட்கார்ந்து அந்த வாஷிங்டன் ஆளைத் திட்டிக்கிட்டிருந்தப்ப யூனிஸ் மெதுவா, "இவரை எங்கயோ பார்த்த மாதிரி இல்லையா உங்களுக்கு?"ன்னா. எங்க பார்த்தேன், நேர்ல பார்த்ததே இல்லைன்னு சொன்னேன். எழுந்து உள்ளே போயிட்டா.

நல்ல சேதிக்கு வர்றேன். நம்ம காங்கிரஸ் உறுப்பினருக்கு அனுப்ப ஒரு மனு எழுதினேன் மார்லிஸ், நானே எழுதினதுன்னு நம்ப முடியல, அவ்வளவு நல்லா வந்திருக்கு. காலம் முடிஞ்சும் நாற்காலியை விடாம இருக்க வழி தேடறது, இல்லாத ஆபத்தைக் காட்டி அவசரநிலை போடறது, சபையைக் கேட்காம ஆணை மேல ஆணை போடறது, பிடிக்காத கணக்கைச் சொன்னவங்களை வேலையை விட்டுத் தூக்கறதுன்னு அந்தாளோட குத்தம் ஒவ்வொண்ணையும் புட்டுப் புட்டு வச்சிருக்கேன். முதல் கையெழுத்தும் நானே போட்டேன். தூண்டில் கடையில டெல்மர்கிட்ட நீட்டினேன், சும்மா அவன் மூஞ்சி போற போக்கைப் பார்க்கலாமேன்னு. அவன் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சான்.

"டேய் ஹார்லன், பிரமாதமா எழுதியிருக்கடா. ஆனா நாளைக்கு உங்காளு வந்ததும் கிழிச்சுப் போட்டிருவ."

"நான் எதுக்குடா கிழிக்கப் போறேன்?"

"போன தடவை கிழிச்சியே. நான் எழுதினதை. இதே கடையில."

"அது வேற."

"சரி, அப்ப ஒரு வரி சேர்த்துக்கோ. இதுல ஏதாவது ஒண்ணைச் செஞ்சவங்க யாரா இருந்தாலும், எந்தக் கட்சியா இருந்தாலும், பெரிய நாற்காலியோ சின்ன நாற்காலியோ, அன்னைக்கே இறங்கணும். எழுது, கையெழுத்துப் போடறேன்."

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்திருச்சு. எதிர்க்கட்சிக்காரன் வாயிலிருந்து நியாயம் வருது! சேர்த்தேன். ரெண்டாவது கையெழுத்து அவன் போட்டான். அப்புறம் படகை எடுத்துக்கிட்டு வீடு வீடாத் துறையில நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். ஒருத்தர் மறுக்கணுமே! ரெண்டு கட்சிக்காரங்களும், நாற்பத்தொரு கேபினும். பெவ்கூடப் போட்டா, அழுத்தி வேற போட்டா, தாள் கிழியாததுதான் பாக்கி. எல்லாரும் சிரிச்ச முகமாப் போட்டாங்க. நாலு வீட்டுல ருபார்ப் கேக் கொடுத்தாங்க. நாட்டுல நம்பிக்கை வைக்கலாம்னு அன்னைக்குத்தான் தோணுச்சு. சனிக்கிழமை கூட்டத்துலயே முதல்ல அதைப் படிச்சுக் காட்டப் போறேன், அந்தச் சூட்டோட 'ரெண்டை' அடிச்சிரலாம்.

அதனால நீ ஃபார்கோவுலருந்து கட்டாயம் வரணும். மூணு மணி நேரம்தான். அப்பா விட்டுட்டுப் போன பழைய கேபின் உன் பேர்ல இருக்கு, அதுக்கு ஒரு ஓட்டு உண்டு. உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு மார்லிஸ். முப்பத்தோரு வருஷம் பனி வாரற வண்டி ஓட்டினேன், காலைல நான் போகலைன்னா ஒரு ஸ்கூல் பஸ்ஸும் நகராது. ரிட்டயர் ஆன மறுநாள் பனி பெய்ஞ்சுது, வேற ஒருத்தன் வாரிட்டான், யாருக்கும் எதுவும் தெரியல. இப்ப படகுத்துறை கேட் சாவி என்கிட்ட இருக்கறதாலதான் யாராவது வந்து கதவைத் தட்டறாங்க. அதுவும் போச்சுன்னா நான் யாரு? பயமா இருக்கு. இதை யூனிஸ்கிட்ட சொல்லாதே.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. அவர் முதுகுவலி தீரட்டும், உங்கள் தோட்டத்தில் தக்காளி இந்த வருஷமாவது மான் வாயில் போகாமல் இருக்கட்டும், கர்த்தர் உங்களையும் இந்தக் குடியரசையும் காப்பாற்றட்டும். வரும்போது கறியும் உருளைக்கிழங்கும் போட்டு அடுப்பில் சுடுவாயே, அந்த ஹாட்டிஷ் கொண்டுவா, பட்டாணி போடாதே.

இப்படிக்கு உன் அண்ணன்,
ஹார்லன் ட்விட்டன்
தலைவர், லிட்டில் பைன் ஏரிச் சங்கம்

பின்குறிப்பு: இதை எழுதறது ஒரு வாரம் கழிச்சு, அடுத்த திங்கட்கிழமை. யூனிஸ் கைப்பையில பெப்பர்மின்ட் தேடினேன், தபால்ல போடச் சொன்ன இந்தக் கடுதாசி கையில தட்டுப்பட்டுச்சு. கேட்டா, "நாட்டுக்கு நல்லதுன்னு தோணுச்சு"ங்கிறா. அதனால மேல எழுதினது எதையும் கணக்குல எடுத்துக்காதே, தலைவர்ங்கிற வார்த்தையையும் அடிச்சுப் படி. சனிக்கிழமை மனுவை மூச்சுப் பிடிச்சுப் படிச்சேன், எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. தட்டி முடிச்சதும் டெல்மர், "தலைவரே, அந்தச் சின்ன நாற்காலி வரியை இன்னொரு தடவை படிங்க"ன்னான். படிச்சேன். பெவ் எழுந்து "பதினொண்ணு"ன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு உட்கார்ந்தா. நான் "அது வேற"ன்னு ஆரம்பிச்சேன், கூடமே சேர்ந்து "இது வேற"ன்னு முடிச்சுது, யூனிஸ் குரல்தான் எல்லாத்தையும் விட சத்தமாக் கேட்டுச்சு. தலைவர் தட்டற சுத்தியலை மேசைல வச்சிட்டு இறங்கினேன். டெல்மரைத் தலைவராப் போட்டாங்க. ஞாயித்துக்கிழமை பூரா ஒருத்தரும் கதவைத் தட்டல, சோபாவுலயே கிடந்தேன். இன்னைக்குக் காலைல யாரோ தட்டினாங்க, பார்த்தா டெல்மர். "டேய், அந்தப் படகுத்துறை கேட் பூட்டு எப்படிடா திறக்கும்?"ங்கிறான். போய், சாவியைப் பாதி திருப்பி லேசாத் தூக்கணும்னு காட்டிக் கொடுத்தேன். திரும்பி வர்ற வழியில தூண்டில் கடைக் கதவைப் பார்த்தேன். மஞ்சத்தாள். ஏரியில பாசி பிடிச்சிருக்காம், அதனால அவசரநிலையாம். முதல் ஆணை, என் பதினேழு ஆணையும் ரத்து. ரெண்டாவது, அவன் படகுல பாட்டுப் போடலாம். நான் நேரா ஏரிக்குப் போய்ப் பார்த்தேன் மார்லிஸ், பாசி ஒரு கை அகலம்கூட இல்ல. மனுவை இன்னும் காங்கிரஸ் உறுப்பினருக்கு அனுப்பல, டைனிங் டேபிள் டிராயர்லதான் பத்திரமா இருக்கு. இங்கேயே வேலை இருக்கு போல. முதல் கையெழுத்து என்னுது. ரெண்டாவது டெல்மரோடது.