லீவில் போன காடு

தாராளமயம் நாட்டுக்கெல்லாம் வந்து சில வருஷம் கழித்து, ஒரு சித்திரை மாதம், ஜீப்பில் ஏறி ஆந்திராவின் புத்தூர்க் காட்டுக்கும் வந்து சேர்ந்தது. இறங்கியவர் புதிய வன அதிகாரி கிரண்குமார். மேலாண்மை படித்தவர். சுற்றிலும் மொட்டை மரங்களைப் பார்த்துவிட்டு, வாட்சர் வேதாச்சலத்தைத் தெலுங்கில் கேட்டார்.

"இதெல்லாம் ஏன் வேலை செய்யாமல் நிற்கிறது?"

"செய்யுது சார். நமை மரம் இலைய கொட்டிட்டு தண்ணிய மிச்சம் புடிக்குது. கிளுவை தோல்லயே பச்சைய வச்சிக்கினு கீது. வீரைக்குத் தடிச்ச இலை, அது கொட்டாது. ஒண்ணொண்ணுக்கும் ஒரு வழி."

"ஆளுக்கொரு வழியில் போனால் ஆபீஸ் நடக்குமா? வேலை செய்யாத மரத்துக்குக் காவல் எதற்கு? வாட்சர் போஸ்டை எடுத்துவிடலாம்."

வேதாச்சலம் இந்தச் சம்பளத்தை நம்பி மகள் நளினியைச் சித்தூரில் கம்ப்யூட்டர் கிளாஸில் அப்போதுதான் சேர்த்திருந்தான்.

"சார், வாத்தியாருக்கு வேனல் லீவு உண்டு. அதுக்காக போஸ்ட்ட எடுக்கறாங்களா? மரமும் லீவுலதான் கீது."

அதிகாரி யோசித்தார். நியாயமாகப் பட்டது. 'மேற்படி மரங்கள் பருவகால விடுப்பில் உள்ளதாகக் கருதப்படும்' என்று உத்தரவானது. வேதாச்சலத்தின் வேலை தப்பியது.

ஆனால் விடுப்பு என்றால் மாற்று ஆள் வேண்டுமே. காண்ட்ராக்டில் தைலமரம் வந்தது. பன்னிரண்டு மாதமும் பச்சை, ஒரு நாள் லீவு கிடையாது. ஊர்க் கிணறுகளை ஒட்டி ஆயிரக்கணக்கில் நட்டார்கள். மேலிடம் பாராட்டியது. கிணறுகள் வற்றின.

நாலாவது வேனலில், அரசு புறம்போக்கில் இருந்த அந்த ஊரே மூட்டை கட்டியது. அந்த ஊர் ரத்னம்மா தன் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போறீங்க?" என்று கேட்டான் வேதாச்சலம்.

"பெங்களூருக்குண்ணா. கட்டட வேலை. இங்க குடிக்கவே தண்ணி இல்ல. மழை வந்தா வந்துடுவோம்."

மறுவாரம் கிரண்குமார் வந்தார். பூட்டிய கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இவர்கள் எங்கே?"

வேதாச்சலத்துக்குப் பழக்கதோஷம். "லீவு சார்," என்றுவிட்டான்.

சொன்ன பிறகுதான் தைலமரம் நினைவுக்கு வந்தது. அதற்குள் அதிகாரி பேனாவைத் திறந்திருந்தார். "அப்படியானால் மாற்று ஏற்பாடு செய்துவிடலாம்."

மழை பெய்து ரத்னம்மா திரும்பியபோது, ஊர் இருந்த இடத்தில் கம்பிவேலி. உள்ளே ரிசார்ட். ஹைதராபாத்திலிருந்து இயற்கையோடு வாழ வந்தவர்கள் குளியல் தொட்டியில் மிதந்துகொண்டிருந்தார்கள். கேட்டில் டெபுடேஷனில் வேதாச்சலம், விறைப்பான காக்கியில்.

அவள் வேலியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். பின்னால் ஊரே மூட்டையோடு நின்றது.

"இங்க வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாண்ணா?" என்றாள்.

"எடுக்கறாங்க," என்றான் வேதாச்சலம். "வரிசைல நில்லுங்க."

நின்றார்கள்.