தனகோட்டியின் பச்சைக் கோடு

கோடு பார்க்கிறவர் என்று ஓர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. கவனித்திருப்பீர்கள். தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கிற சாதாரணப் பிறவி அல்ல அவர். எடுத்திருக்கிறதா என்று முதலில் கைக்கடிகாரத்தைக் கேட்பார். நன்றாகத் தூங்கி எழுந்து, சோம்பல் முறித்து, காபியும் குடித்து முடித்துவிட்டு, போனில் தூக்கக் கணக்கைப் பார்த்த பிறகு, "சே, தூக்கமே இல்லை" என்று துவண்டு உட்காருவார். ஏதாவது ஒரு திரையில் ஏதாவது ஒரு கோடு ஏறி இறங்கினால் போதும். அதற்கு வெளியேயும் உலகம் நடக்கிறது என்பதை அவர் பெருந்தன்மையோடு மன்னித்துவிடுவார்.

இந்த இனத்தில் ஒரு முழுமையான மாதிரி வேண்டுமென்றால் செஞ்சிக்குத்தான் போக வேண்டும். கோட்டைக்கு அல்ல. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில், வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கும் தனகோட்டியிடம். சுற்று வட்டார ஊர்களுக்கு இன்டர்நெட் கொடுப்பவர். வாசலில் வந்து தலையைத் தூக்கினால் ராஜகிரி மலைக்கோட்டை தெரியும். வந்தால்தானே!

ஒரு காலத்தில் அவர் இப்படி இல்லை. அவருடைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் லைன்களைக் கண்காணிக்கிற மென்பொருள் ஒன்று இருந்தது. அழகு என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. ஊர்ப் பெயர், எதிரே 'இருக்கு' அல்லது 'இல்லை'. 'இல்லை' என்று வந்தால் பீப் என்று ஒரு கத்தல். தனகோட்டி ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவ்வளவுதான் ஏற்பாடு.

இப்படி மானமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் குரு கிராஃப் போட்டார்.

குரு அவரிடம் வேலை பார்க்கும் டெக்னீஷியன். முப்பத்தைந்து வயது, கெட்டிக்காரர், செய்த பாவம் அது ஒன்றுதான். பழைய மென்பொருளோடு ஒட்ட வைத்து, பிரவுசரில் திறக்கிற மாதிரி வரைபடங்களைச் சேர்த்தார். சும்மா தொங்குகிற படமல்ல. மவுஸை மேலே கொண்டுபோனால் அந்த நிமிஷத்தின் அளவு குமிழாக எழும்பும்; சக்கரத்தை உருட்டினால் ஒரு நாள் சுருங்கி ஒரு மணியாகும்; பிடித்து இழுத்தால் நேற்று வரும், இன்னும் இழுத்தால் போன தீபாவளி வரும். முதல் நாள் தனகோட்டி மத்தியானச் சாப்பாட்டை மறந்தார். இரண்டாம் நாள் சுவருக்கு ஒரு பெரிய டிவி வந்தது. சிங்கவரத்துக்குப் பச்சை, மேல்சித்தாமூருக்கு நீலம், சீயமங்கலத்துக்கு ஆரஞ்சு என்று நிறம் முடிவாக ஒரு வாரம் ஆனது. அவர் மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அரை நாள்தான் ஆயிற்று. மூன்றாம் வாரம் பீப் சத்தம் நிறுத்தப்பட்டது. "ரசிச்சு பாத்துகினு இருக்கும்போது கொசுவாட்டம் இன்னா சத்தம் அது?"

அன்றிலிருந்து அவருக்கு ஒரு மந்திரம் வாய்த்தது. நெட் வரவில்லை என்று யார் போன் செய்தாலும், மவுஸை ஒரு உருட்டு உருட்டிவிட்டுச் சொல்வார்:

"கிராஃப்ல அப்பிடி இல்லியே!"

சொந்தக்காரர் கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரத்தில், பக்கத்து நாற்காலிக்காரரிடம் போனை நீட்டி சீயமங்கலத்துக் கோட்டைக் காட்டினார். "ஈசிஜியா? யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று அவர் பதறியதை தனகோட்டி பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஆனாலும் அவருக்கு ஒரு மனக்குறை. கோட்டில் அங்கங்கே இடைவெளி விழுந்தது.

"இன்னா குரு, நடுவுல நடுவுல பல்லு போனா மாதிரி இருக்குது?"

"அண்ணே, அந்த நேரத்துல அங்கருந்து அளவு வரல. வராத அளவை எப்பிடிக் காட்டறது?"

"கடைசியா வந்தது இன்னாவோ, அதையே இழுத்துகினு போவ வெச்சுடு."

"அண்ணே, அது பொய்யாயிடும்ணே."

"அழகா இருக்குமா, இருக்காதா?"

"அழகாத்தான் இருக்கும்..."

"அப்ப போடு."

குரு போட்டார். போடும்போது என்ன முணுமுணுத்தார் என்பதை அச்சில் ஏற்ற முடியாது.

இனி தை மாதத்து வியாழக்கிழமைக்கு வருவோம். சிங்கவரத்தில் அன்புக்கரசி என்றொரு பெண். நர்சிங் முடித்து, செஞ்சியில் ஒரு சின்ன கிளினிக்கில் இரண்டு வருஷமாக ஊசி போட்டுக்கொண்டிருப்பவள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குக் கடைசி நேர்காணல், அன்று பதினொரு மணிக்கு, கம்ப்யூட்டர் வழியாக. தவறவிட்டால் அடுத்த வருஷம்தான். அவள் வீட்டில் செல்போன் நெட் பேச்சுக்குத் தாங்கும், முகம் காட்டத் தாங்காது. அதனால் முந்தின நாளே தனகோட்டியிடம் வந்து கேட்டாள். "நீ நிம்மதியா உக்காரும்மா, கிராஃப் சும்மா ஜம்முனு இருக்குது" என்று வாக்கு கொடுத்தார்.

காலை ஒன்பது ஐம்பதுக்கு, அளவுக்கு மீறி வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று, சிங்கவரத்தில் ரோட்டின் குறுக்கே போகும் தனகோட்டியின் கேபிளில் மாட்டி, அறுத்து, அதையும் வாரிக்கொண்டு நகர்ந்தது. அந்த நொடியில், அதுவரை ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டிருந்த பச்சைக் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல் நேரானது.

தனகோட்டிக்குப் புல்லரித்தது. இத்தனை மாதத்தில் சிங்கவரம் இப்படி அடங்கி ஒடுங்கிப் போனதே இல்லை. உடனே அதைப் படம் பிடித்து, மேல்சித்தாமூரில் கம்பத்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்த குருவுக்கு அனுப்பினார். கம்பத்தில் இருக்கிறவர் போனையா பார்ப்பார்?

பத்தே கால். போன்.

"அண்ணே, அன்புக்கரசி பேசறேன். நெட்டு போயிடுச்சுண்ணே!"

"இல்லியேம்மா. கிராஃப்ல சூப்பரா போவுது."

"உங்க கிராஃப்ல போவுதுண்ணே, எங்க வீட்ல போவல!"

"மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு."

"மூணு வாட்டி பண்ணிட்டேன்."

"அப்ப லேப்டாப்பு கோளாறும்மா. எங்கிட்ட கோடு இருக்குது, உங்கிட்ட இன்னா இருக்குது?"

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்ட சத்தம் மட்டும் வந்தது.

பத்தரைக்கு டீ கொண்டுவந்த வசந்தா, கிளாஸை மேசையில் வைத்துவிட்டு வாசலையே பார்த்தாள். எதிர் டீக்கடை அவளுடையது. செஞ்சியில் நடப்பது எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"அண்ணே, ஒரு வைக்கோல் டிராக்டரு போவுது. பின்னாடி கறுப்பா வாலு மாதிரி ஒயரு இழுத்துகினு."

"எவனாவது கேபிள் டிவிக்காரன் ஒயரா இருக்கும்."

"ஒயர்ல மஞ்சத் துண்டு கட்டியிருக்குதுண்ணே. நீங்கதான அடையாளத்துக்கு மஞ்சத் துண்டு கட்டுவீங்க?"

"நம்ம ஒயரு அறுந்தா கிராஃப்ல தெரியாதா? டீயில சக்கரை கம்மியா இருக்குது, அதைப் பாரு முதல்ல."

திரும்பிப் பார்த்திருக்கலாம். கழுத்தை முக்கால் சாண் திருப்ப வேண்டிய வேலை. ஆனால் அந்த நேரம் அவர் பச்சைக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு பெரிதாக்கினாலும் அது நேராகவே இருந்தது. அதுவல்லவா தரம்!

பதினொன்றுக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது வாசலில் ஒரு ஸ்கூட்டி கிறீச்சிட்டு நின்றது. இஸ்திரி போட்ட சட்டை, தோளில் லேப்டாப் பை, அந்த டிராக்டர் சிந்திப் போன வழியிலேயே வந்ததற்கு அத்தாட்சியாகத் தலையில் இரண்டு வைக்கோல். அன்புக்கரசி டிவியைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை.

"அண்ணே, இது எப்பத்துலருந்து நேரா போவுது?"

"பத்து மணியிலருந்தேம்மா! எவ்ளோ ஸ்டெடி பாரு."

"ஆஸ்பத்திரி வார்டுல கோடு இப்பிடிப் போனா துணியப் போட்டு மூடிடுவோம். எழுந்திருங்க!"

தனகோட்டி எழுந்தார். ஏன் எழுந்தார் என்று பிறகு யோசித்தும் அவருக்கு விளங்கவில்லை. ஆபீஸுக்கு வரும் லைன் வேறு, அது உயிரோடு இருந்தது. அவள் அவர் நாற்காலியை மேசையின் மறுபக்கம், டிவிக்கு முதுகாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வைக்கோலைத் தட்டிவிட்டு, லேப்டாப்பைத் திறந்தாள். பதினொன்று அடிக்க ஒரு நிமிஷம். தனகோட்டி தன் ஆபீஸின் மூலையில் தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்றார்.

நேர்காணல் எடுத்த அம்மாள் நாலைந்து கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"உங்க பின்னால ஏதோ மானிட்டர் தெரியுதே?"

"நெட் ஆபீஸ் மேடம். எங்க வீட்டு லைன் அறுந்துடுச்சு, இங்க வந்து உட்கார்ந்திருக்கேன்."

"சரி, அதையே கேட்கிறேன். வார்டுல அந்தப் பச்சைக் கோடு மாதிரி நேரா வந்தா முதல்ல என்ன செய்வீங்க?"

"மானிட்டரைப் பார்க்க மாட்டேன் மேடம். ஆளைப் பார்ப்பேன். கூப்பிட்டுப் பார்ப்பேன், மூச்சும் நாடியும் இருக்கான்னு பார்ப்பேன். ஆள் நல்லா இருந்தா ஒயர் கழண்டிருக்கும்."

"இல்லைன்னா?"

"உடனே ஆட்களைக் கூப்பிட்டு நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சுடுவேன். கோடு அழகா இருக்குன்னு நின்னுகிட்டு இருக்க மாட்டேன்."

கடைசி வரியைச் சொல்லும்போது அவள் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை.

தனகோட்டி சத்தமில்லாமல் வாசலுக்கு வந்தார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ரோட்டைப் பார்த்தார். டிராக்டர் உதறிவிட்டுப் போன கேபிள் சாக்கடை ஓரம் சுருண்டு கிடந்தது. மஞ்சள் துண்டில் அவர் கையெழுத்து. வீணாகப் போவானேன் என்று வசந்தா அதில் பத்தடி வெட்டித் தன் கடைத் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"கேபிள் டிவிக்காரன் ஒயருதானண்ணே?" என்றாள்.

அவர் ஏணியைத் தேடினார். டிவி மாட்டிய அன்று அதன் பின்னால் தள்ளியதுதான். எட்டுக்கால் பூச்சி குடியேறியிருந்தது. சிங்கவரத்தில் லைன் உயிர் பெற மத்தியானம் இரண்டரை ஆனது.

பத்து நாளில் அன்புக்கரசிக்கு வேலை உத்தரவு வந்தது. குருவோ அந்த வியாழக்கிழமை சாயங்காலமே, கேட்காமலே, இழுத்துவிட்ட பொய்க்கோட்டை எடுத்துவிட்டார். ஒன்பது ஐம்பதிலிருந்து இரண்டரை வரை பச்சையில் ஒரு பெரிய ஓட்டை, பார்க்கப் பரிதாபமாக, உண்மையாக, பளிச்சென்று தெரிந்தது. பீப்பும் திரும்பி வந்தது.

திருந்திவிட்டார் என்கிறீர்களா? மறுவாரம் தனகோட்டி அந்த ஓட்டையைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, கன்னத்தில் கைவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"குரு, இந்தக் காலி எடத்துக்கு லேசா ரோஸ் கலர் குடுத்தா எப்பிடி இருக்கும்?"

வருகிறவர்களிடமெல்லாம் இப்போது வேறொன்றும் சொல்கிறார்: "நம்ம கிராஃபைக் காட்டித்தான் சிங்கவரத்துப் பொண்ணுக்கு மெட்ராஸ்ல வேல கெடச்சுது."

நல்லவேளை, நாம் அப்படி இல்லை, இல்லையா? மழை பெய்கிறதா என்று ஜன்னலைத் திறக்காமல் போனைத் திறந்தது வேறு யாரோ. ஊரில் தனியாக இருக்கும் அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறாள்" என்று போனைக் கவிழ்த்து வைத்ததும் வேறு யாரோதான். எதற்கும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிவிடுங்களேன். என்ன சொல்கிறீர்கள்? புள்ளிதான் பச்சையாக எரிகிறதே, இப்போது எதற்கு என்கிறீர்களா?

சரி. வணக்கம், தனகோட்டி அண்ணே.