பச்சை நூலுக்கு விளக்கம் சொன்னவர்

மற்றவர் செய்த வேலையை அவருக்கே விளக்கிச் சொல்லும் மனிதர் ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். கிழக்கிலங்கையில், எங்கள் மருதமுனையில் அவர் பெயர் முகைதீன்பாவா. வீடு வீடாக மீட்டர் வாசித்து ஓய்வு பெற்றவர். அதனால் மின்சாரத்தோடு கூடப் பிறந்தவர் போலத்தான் பேசுவார்.

சென்ற மாதம் பல்கலைக்கழக விரிவுரையாளர் மேனுஜா, றஊப்பின் தறிக்கூடத்துக்கு ஒரு பச்சை நூல்கண்டுடன் வந்தார். பருத்தி நூலை இரசாயனக் கரைசலில் ஊறவைத்து, முள்ளங்கியிலிருந்து பிரித்தெடுத்த நொதியத்தைச் சேர்த்தால், மின்னைக் கடத்தும் பல்பகுதியம், அதாவது பொலிமர், ஒன்று நூலின்மேல் உருவாகிப் படிகிறது. அதைத் துணியாக நெய்து காட்ட வேண்டும். ஆய்வை முடிக்க இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. இவ்வளவையும் சொல்லத்தான் அவர் வாயெடுத்தார்.

"நீங்க இரிங்க மகள், நான் செல்றன்," என்றார் முகைதீன்பாவா.

யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை. முள்ளங்கிக்குள் கரண்ட் ஒளிந்திருப்பதையும், அது நூலில் இறங்கி இருநூற்று முப்பது வோல்ட்டாகக் காத்திருப்பதையும், அந்த நூலில் நெய்த சாரனை உடுத்துக்கொண்டு, தொழுகைக்குமுன் தண்ணீரில் வுழூச் செய்யப் போகிறவனின் கதியையும் அவர் விளக்க விளக்க, நெசவாளர்கள் ஒவ்வொருவராக வெளியே போய் றப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்கள். றஊப் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். மின்விசிறிகள் நின்றன.

மேனுஜாவுக்கு வியர்த்தது. "இதுக்குள்ள கரண்ட் இல்ல காக்கா. பட்டரியில இருந்து குடுத்தாத்தான் இதால போகும்," என்று அவரை அண்ணன் முறையில் அழைத்துச் சொன்னார்.

"அதத்தானே நானும் செல்றன்."

கவனித்தீர்களா? விளக்கம் சொல்லும் இந்த இனம் தோற்பதே இல்லை.

மூத்த நெசவாளர் நாச்சியா எழுந்தார். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, நூலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

"புடிச்சிட்டன். இன்னம் மௌத்தாகல்ல, உசிரோடதான் இரிக்கன்," என்றார். "குறுக்கால, ஊடையிலயா போடோணும், மேடம்?"

"ஓம்," என்றார் மேனுஜா. அன்று அவர் சொன்னதில் முகைதீன்பாவா விளக்கம் சொல்லாத சொல் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் கைக்குட்டை அளவில் ஒரு துணி தறியிலிருந்து இறங்கியது. மேனுஜா ஓரத்தில் பட்டரியை இணைத்தார். எதிர் ஓரத்தில் கடலைப் பருப்பளவு பல்பு ஒன்று மங்கலாக எரிந்தது. நான்கு வருட உழைப்பு. அவர் கண்கள் கலங்கிவிட்டன.

முகைதீன்பாவா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "பயப்படாதீங்க. அது முள்ளங்கிக் காரம்," என்றார்.

இதை வாசித்தவுடன், கண்ணைக் கலக்குவது வெங்காயம்தான், முள்ளங்கி அல்ல என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத் திரும்பினீர்களா? பரவாயில்லை. மருதமுனைப் பக்கம் வந்தால் அறிவியுங்கள். அவருக்குப் பக்கத்தில் உங்களுக்கும் உட்கார ஒரு கதிரை போட்டு வைக்கிறோம்.