கழுகுக் கண் செக்கர்

"மாமா, கார் சாவியைப் பார்த்தீங்களா?" என்று மருமகள் மூன்றாவது முறையாகக் கேட்டபோது, செக்கர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

சாவி அவருடைய வலது காலுறைக்குள் இருந்தது.

"மெக்கானிக் பிரேக் பார்க்க வந்திருக்கார் மாமா."

"பிரேக்குக்கு என்ன கேடு?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

சும்மா! டிக்கெட் இல்லாத பயணி சொல்கிற முதல் வார்த்தை. முப்பத்திரண்டு வருடம் பஸ்களில் டிக்கெட் பரிசோதித்தவர் அவர். ஓய்வு பெற்றுப் பதினாறு வருடமாகியும் தெருவுக்கே செக்கர்தான். டிக்கெட்டை அவர் பார்ப்பதே கிடையாது, முகத்தைத்தான் பார்ப்பார். காரணமில்லாமல் குழைகிறவனிடம் டிக்கெட் இருக்காது.

ஒரு வாரமாக வீட்டில் எல்லோரும் காரணமில்லாமல் குழைந்தார்கள்.

மகன் திடீரென்று பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தான். "பஸ்னா நிம்மதிப்பா. உக்காந்து புத்தகம் படிக்கலாம்." பிறந்ததிலிருந்து புத்தகத்தைத் தொடாதவன்! இந்த விளம்பரம் யாருக்கு? எழுபத்து நான்கு வயதில் கார் ஓட்டுகிற தனக்குத்தான். சாவியைப் பிடுங்கப் பார்க்கிறார்கள். அது போய்விட்டால் நூலகத்துக்கும் முடிவெட்டிக்கொள்ளவும்கூட யாராவது மனம் வைக்க வேண்டும்.

மெக்கானிக்கை வழியனுப்ப எழுந்தார். சாவி சுருக்கென்று குத்தியது. நொண்டினார்.

"ஐயோ, எந்தக் காலுப்பா?" மகன் ஓடிவந்தான். "வலதா? பிரேக் மிதிக்கிற காலாச்சே!"

பதறுகிற மாதிரி நடிப்பு வேறு. செக்கர் குளியலறைக்குப் போய்ச் சாவியை இடது காலுறைக்கு மாற்றினார். வெளியே வந்து இடது காலை நொண்டினார்.

"போச்சு, ரெண்டு காலுமா?" மருமகள் தலையில் கை வைத்தாள்.

மறுநாள் மருத்துவமனை. காலுறையைக் கழற்றச் சொல்வார்களே என்று, சாவியைச் செருப்பு அலமாரியில் 'கண்டெடுத்து'க் கொடுத்துவிட்டுத்தான் ஆட்டோவில் ஏறினார். மருத்துவர் முழங்காலைத் தட்டினார், கண்ணில் விளக்கடித்தார், எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். செக்கர் பலகை அச்சடித்த அச்சகத்தின் பெயர்வரை படித்தார்.

"கழுகுக் கண்ணு. காலும் கல்லு மாதிரி இருக்கு" என்றார் மருத்துவர்.

மருமகள் கைதட்டாத குறை. மகன் மருத்துவரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். தேறிவிட்டேன் என்றால் இவர்களுக்கு எரிய வேண்டாமா? இவ்வளவு குழைவை அவர் ஒரு பஸ்ஸிலும் கண்டதில்லை.

அன்று மாலை சமையலறைக் கதவில் காதை வைத்தார்.

"ஆறு மாசம்தானே, சொல்லிடுங்க" என்றாள் மருமகள்.

"அப்பாகிட்ட எப்படிடி சொல்றது? மானம் போகும்."

ஆறு மாதம்! முதலில் அப்படித்தான் சொல்வார்கள், அப்புறம் சாவியை நிரந்தரமாக மறந்துவிடுவார்கள். செக்கர் ஒரு முடிவுக்கு வந்தார். யாரும் அவரை இறக்கிவிட வேண்டியதில்லை, அவரே இறங்கிக்கொள்வார்.

மறுநாள் காலை, லைசென்ஸ் அலுவலகத்தின் நான்காம் ஜன்னலில் தன் லைசென்ஸை வைத்தார்.

"ஒப்படைச்சா ஒப்படைச்சதுதான் ஐயா, இந்த வயசுல மறுபடி கிடைக்காது" என்றார் குமாஸ்தா. "பதிலுக்குப் பெரியவங்களுக்கான இலவச பஸ் அட்டை தருவோம். வீட்ல கேட்டீங்களா?"

"வீட்ல எல்லாருக்கும் இதுதான் ஆசை."

குமாஸ்தா லைசென்ஸில் பெரிய ஓட்டை ஒன்று போட்டார். செக்கர் நெஞ்சை நிமிர்த்தினார். தோற்றாலும் கௌரவமான தோல்வி.

பஸ் அட்டையில் முகவரி எழுதப்போன குமாஸ்தாவின் பேனா நின்றது.

"அட, அதிவேகத்துக்காகப் போன வாரம் ஆறு மாசத்துக்கு நாங்க பிடுங்கி வெச்ச லைசென்ஸும் இதே வீடுதானே? 'எங்கப்பா மாதிரி டிரைவர் ஊர்லயே கிடையாது, இனிமே எங்க எல்லாரையும் அவரே கூட்டிட்டுப் போவாரு'ன்னு சொல்லிட்டுப் போனாரே, அது உங்க பையனா ஐயா?"