ஜார்ஜியாக்காரர் ஓட்டலில் நான் பேச எழுந்தது

பாரிஸ்,
வெள்ளிக்கிழமை

பிரியமுள்ள மைத்துனர் ராஜவேல் அவர்களுக்குச் சக்கரபாணி எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகள் கலைவாணியும் ஜலதோஷம் ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். கருவடிக்குப்பத்தில் தாங்களும் தங்கச்சி கமலவேணியும் பிள்ளைகளும் மாரியம்மன் காவலில் சுகமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. தாங்கள் என்னை இங்கே அனுப்பிய காரியத்தை நான் மறக்கவில்லை. வில்லியனூர் ஜானகிராமன் மகன், தாங்களே பேசி முடித்த வரன், பொதுப்பணித் துறையில் இன்ஜினீயர். கலைவாணியைக் கையோடு கூட்டிவந்து தை மாசம் கல்யாணத்தை முடிப்பது என்ற பேச்சில் மாற்றம் எதுவும் இல்லை. நேற்று மத்தியானம் ஒரு ஓட்டலுக்குச் சாப்பிடப் போனோம், அவ்வளவுதான். போனில் சொன்னால் தாங்கள் நடுவில் பேசுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

"கூட வேலை செய்யறவரு வீட்டுல சாப்பாட்டுக்குக் கூப்புடறாங்கப்பா, ஜார்ஜியாக்காரங்க"ன்னா கலைவாணி. ஜார்ஜியா அமெரிக்காவுலதானே இருக்குதுன்னேன். அது வேறயாம், இது ரஷ்யாவுக்குக் கீழ தனி நாடாம். பையன் பேரு லேவான், ஓட்டல் அவங்கப்பாவுது. இதெல்லாம் மெட்ரோ ரயில்ல எனக்குப் பின்னால நின்னு, என் மூஞ்சியப் பாக்காமச் சொன்னா. மில்லுல அத்தனை வருஷம் மேஸ்திரியா இருந்தவன், யாரு எதை மறைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாதா. சரி, சாப்ட்டு முடிச்சுட்டு, பொண்ணுக்கு ஊர்ல பேசி முடிச்சாச்சுன்னு மரியாதையாச் சொல்லிட்டு வந்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

பையனோட அப்பா ஓட்டார், பீரோ மாதிரி ஆளு. வாசல்லயே கட்டிப்புடிச்சு ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்தாரு, எங்கப்பாகூட எனக்குக் குடுத்தது கெடயாது. எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு போன்ழூர், மெர்சி ரெண்டுதான்; ரெண்டையும் அங்கயே செலவு பண்ணிட்டேன். மொதல்ல தோணி மாதிரி ஒரு ரொட்டி வந்துது, நடுவுல உருகின சீஸ், அதுமேல வேகாத முட்டை. அப்பறம் கொழுக்கட்டை, நம்ம மோதகமேதான், மேல குடுமியோட. புள்ளையார நெனச்சுக்கிட்டு ஒரே கடி. உள்ள பூரணம் இல்ல ராஜவேலு, கொதிக்கிற கறிச்சாறு. அது நேரா எதுர்ல உக்காந்திருந்த பையனோட அம்மா மடியில போயி எறங்குது, எல்லாரும் கை தட்டுறாங்க. குடுமியப் புடிச்சு, ஓரமாக் கடிச்சு, சாறை உறிஞ்சிட்டு அப்பறம் சாப்புடணுமாம், குடுமிய தட்டுலயே வெச்சுடணுமாம். நான் குடுமியையும் தின்னுருந்தேன். பாவம் பசியில வந்துருக்காருன்னு இன்னொரு தட்டு வெச்சாங்க. என்ன கறின்னு நான் கேக்கல, அவங்களும் சொல்லல.

அதுக்கப்பறம் மாட்டுக்கொம்புல ஒயின் வந்துது. கொம்பைக் கீழ வெக்க முடியாது, குடிச்சு முடிச்சாத்தான் உண்டு. நான் குடிக்கிறதில்லன்னேன். பக்கத்து மேசையில ஒரு பிரெஞ்சுக்காரரு, எந்த ஊர்னு கேட்டு, பாண்டிச்சேரின்னதும் சிரிச்சாரு. நம்ம ஊர் பேரு அவ்ளோ தூரம் போயிருக்கு. கடைசியில எனக்கு மட்டும் பச்சைக் கலர்ல சோடா ஊத்துனாங்க. பாக்க பாத்திரம் தேய்க்கிற தண்ணி, வாசனை சோம்பு. அங்க சும்மா குடிக்கக் கூடாதாம். யாராவது எழுந்து எதுக்காகவாவது பேசணும், அப்பறம்தான் குடிக்கணும். ஓட்டார் சமாதானத்துக்காகப் பேசினாரு, விருந்தாளிக்காகப் பேசினாரு, ஒவ்வொண்ணும் கட்சிக் கூட்டம் மாதிரி நீளம். அப்பறம் என்னைக் கை காட்டினாரு. இதான் சமயம்னு எழுந்தேன்.

"நான் எம் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்துருக்கேன்"னு ஆரம்பிச்சேன். கலைவாணி தலையக் குனிஞ்சுக்கிட்டு அதைப் பிரெஞ்சுல சொன்னா, பையன் அவங்க பாஷையில சொன்னான். மேல எனக்கு வாய் வரல. "இவங்கம்மா இருந்திருந்தா அவளே பேசியிருப்பா, எனக்குப் பேச வராது"ன்னேன். அவங்க பேரு என்னன்னு ஓட்டார் கேட்டாரு. பார்வதின்னேன். அந்த மனுசன் எழுந்தாரு. எல்லாரும் எழுந்தாங்க, சமையக்கட்டுல இருந்தவங்ககூட கையத் தொடச்சுக்கிட்டு வந்து நின்னாங்க. "பர்வாத்தி"ன்னு சொல்லிக் குடிச்சாங்க. ராஜவேலு, ஒங்கக்கா போனதுலேருந்து நம்ம வீட்டுல யாரும் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்ல. நீ அக்கான்னுவ, இவ அம்மான்னுவா, நான் 'அவ'ன்னுவேன். ஜார்ஜியாக்காரன் சொல்றான், அதுவும் தப்பா. மொளகாயே போடாத சாப்பாட்டுல எனக்கு எப்புடிக் கண்ணுல தண்ணி வந்துதுன்னு தெரியல, அந்தச் சோடாவாத்தான் இருக்கணும். நான் உக்காந்துட்டேன். சொல்ல வந்ததைச் சொல்லவே இல்ல.

திரும்பி வர்றப்ப, "கோவமாப்பா?"ன்னு கேட்டா. "கொழுக்கட்டையில உப்பு கம்மி"ன்னேன்.

ஆகையால் தாங்கள் மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜானகிராமன் அவர்களிடம் நல்ல நாள் பார்க்கச் சொல்லவும். மாசக் கடைசியில் நானும் கலைவாணியும் விமானம் ஏறுகிறோம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். குடும்பம் நோய்நொடியின்றித் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
சக்கரபாணி

பி.கு.: மேலே எழுதியதை அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று அப்படியே விட்டிருக்கிறேன். நான் மட்டும்தான் வர்றேன். ஜானகிராமன் கிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடு. நான் வந்து சேர்றதுக்குள்ள அவருக்குக் கோவம் ஆறிடும். தை மாசம் மண்டபத்தை மட்டும் விட்டுடாத. மாப்ள வீட்டுல அத்தனை பேரும் ஆறடி ஆளுங்க, பந்தியில பிளாஸ்டிக் நாற்காலி போட்டா தாங்காது.