பினாயில் அண்ணனும் நூற்றுக்கு நூறும்

மனித நாகரிகத்தின் உச்சம் எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் அந்தப் பன்றிப் பண்ணையின் வாசலைக் கைகாட்டலாம். நாட்டை ஆளப் போகிறவர்கூடக் குளிக்காமல் போய்விடலாம். அந்த வாசலுக்குள் குளிக்காமல் நுழைய முடியாது.

வாசலின் அதிபதி காவலாளி. அவர் மீது எந்நேரமும் வீசிய மணத்தால் எல்லாருக்கும் 'பினாயில் அண்ணன்'. வருகிறவர் குளிக்க வேண்டும், பண்ணை உடுப்பை மாட்ட வேண்டும், ரப்பர் பூட்ஸை மருந்துத் தொட்டியில் முக்க வேண்டும். மூன்று நாளுக்குள் வேறு பன்றிப் பண்ணையை மிதித்தவர் வந்த வழியே திரும்ப வேண்டும். முதலாளியின் மச்சானையே தலைக்குக் குளிக்க வைத்த மகான் அவர். குட்டிக் கொட்டகையில் வேலை பார்த்த சொந்த மனைவிக்கும் சலுகை கிடையாது.

"காலையிலேருந்து மூணாவது தடவை. நான் என்ன மீனா?" என்றாள் அவள், தலையைத் துவட்டியபடி.

"கிருமி பொண்டாட்டி, மச்சான்னு பாக்காதும்மா. நான் பாத்தா ஆச்சா?"

முதலாளிக்குப் புல்லரித்தது. இப்பேர்ப்பட்ட பண்ணைக்கு ஒரு சான்றிதழ்கூட இல்லையே என்று மனம் நொந்து, 'உயிரிப் பாதுகாப்பு மதிப்பீட்டுக் குழு'வை வரவழைத்தார்.

குழு வேனில் வந்து இறங்கியது. நான்கு பேர். தலைவரின் பூட்ஸில் கணுக்கால்வரை சேறு.

"இதுக்கு முன்னாடி எங்க சார் போயிட்டு வர்றீங்க?" என்றார் பினாயில் அண்ணன்.

"இன்னைக்கு இது நாலாவது பண்ணை," என்றார் தலைவர் பெருமையாக. "மூணாவதுல ஏகப்பட்ட காய்ச்சல். நடக்கவே முடியல, அங்கங்க படுத்துக் கெடக்குதுங்க."

"அப்ப உள்ள விட முடியாது சார். மூணு நாள் கழிச்சு வாங்க. குளிச்சிட்டுப் போகலாம்."

குழு திகைத்தது. முதலாளி ஓடி வந்தார்.

"யோவ், விதியை எழுதினதே இவங்கதான்யா!"

"எழுதினது கைதானே சார். சேறு காலுல இருக்கே?"

"வாசல் தடுப்புக் கட்டையைத் தூக்குறியா, இல்ல நீயும் உன் பொண்டாட்டியும் இப்பவே கிளம்புறீங்களா?"

பினாயில் அண்ணன் உள்ளே பார்த்தார். கொட்டகை வாசலில் மனைவி ஒரு நோஞ்சான் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு புட்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். கட்டையைத் தூக்கினார்.

குழு குளிக்காமலே எல்லாக் கொட்டகைக்கும் போனது. தீவனத்தைக் கிளறியது, குட்டிகளைத் தடவியது, புகைப்படம் எடுத்துக்கொண்டது. மருந்துத் தொட்டியைத் தாண்டிக் குதித்து, அதன் நீள அகலத்தை வியந்து பாராட்டியது. நூற்றுக்கு நூறு மதிப்பெண்!

ஒன்பதாம் நாள் ஒரு தாய்ப்பன்றி தீவனத்தைத் தொடவில்லை. காது சிவந்தது. அடுத்தடுத்துப் பன்றிகள் செத்தன. பதினைந்தாம் நாள் மிச்சமிருந்த அத்தனையையும் கொன்று புதைக்க உத்தரவு வந்தது. மறுநாள் மனைவி காலிக் கூண்டுகளைக் கழுவினாள். கழுவ ஒன்றுமில்லாதபோதும் கழுவினாள். பினாயில் அண்ணன் குழாயை வாங்கி வைத்துவிட்டு, அவளோடு ஈரத் தரையில் உட்கார்ந்தார்.

விசாரணைக்கு அதே குழு வந்தது. இம்முறை உச்சி முதல் பாதம்வரை வெள்ளை உறை. கண் மட்டும் தெரிந்தது. வெளியே போகும்போது இரண்டு தடவை குளித்தது. தன் உயிர் விஷயத்தில் குழு விதி தவறுவதில்லை.

அறிக்கையை முதலாளியே வாசித்தார். "குளிக்காத வெளியாட்களைக் காவலாளி உள்ளே அனுமதித்ததே நோய்க்குக் காரணம்."

"அந்த வெளியாளுங்க யாரு சார்?"

"அது விசாரணை வரம்புக்குள்ள வராதாம்."

"உள்ள விடச் சொன்னது?"

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டு கடைசிப் பத்திக்குத் தாவினார்:

"விதிகள் அனைத்தையும் முழுமையாக அறிந்திருந்தவர் இப்பண்ணையில் இவர் ஒருவரே என்பதைக் குழு மனதாரப் பாராட்டுகிறது. மற்றவர்கள் அறியாமல் செய்தவர்கள். எனவே, குற்றவாளி இவர் ஒருவரே."